பூனைகளின் அடிவயிற்றில் முடி இல்லாமல் போவது பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

லாஸ்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் பத்து நாளாக ஒரு படம் சுற்றிக்கொண்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வயிறும் பின்னங்காலின் உள்பக்கமும் முடியில்லாமல் சிவந்துபோன பூனை. நம் செல்லப்பிராணிக் கடையில் குளிப்பாட்டிய மறு வாரமே இப்படி ஆனது, காசு மிச்சம் பிடிக்க மலிவான சோப்பைத் தேய்த்துவிட்டார்கள் என்று கூடவே ஒரு குரல் பதிவு.

மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அந்த ‘மலிவான’ என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினோரு வருடமாகப் பூனைகளுக்கென்று தனி ஷாம்புதான் வாங்குகிறேன். வாசனை அதிகம் உள்ளதை வாங்குவதே இல்லை. குளிக்க வரும் ஒவ்வொரு பூனையையும் முதலில் தடவிப் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறோம். இந்தப் பூனை வந்த அன்றைய பக்கத்தில் ‘அடிவயிற்றில் முடி குறைவு, நக்குகிறது’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. கூட்டிவந்த பையனிடம் சொன்னேன். வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டும் சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி வேரோடு உதிரவில்லை, பாதியில் அறுந்திருக்கிறது. விரலை எதிர்ப்பக்கமாக ஓட்டினால் சவரம் செய்த தாடை மாதிரி குத்தும். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள் உண்டு. அழுக்கு எடுக்க அது நல்ல சீப்பு. ஆனால் ஒரே இடத்தை மணிக்கணக்கில் நக்கினால் அதே நாக்கு அரமாகிவிடும். முதலில் முடி போகும், அப்புறம் தோல் சிவக்கும், எச்சில் ஈரத்திலேயே கிடந்து புண்ணாகும். ‘எங்கள் பூனை அவ்வளவு நக்குவதில்லையே’ என்பீர்கள். பல பூனைகள் யாரும் பார்க்காதபோதுதான் நக்கும். வாந்தியிலும் மலத்திலும் முடி இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

ஏன் நக்குகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. நான் பார்த்தவரை முதல் காரணம் தெள்ளுப்பூச்சி. நம் ஊர் புழுக்கம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், உடம்பெல்லாம் அரிக்கும். கண்ணில் பூச்சியே படவில்லை என்று சொல்லாதீர்கள், பூனைதான் நக்கி விழுங்கிவிடுகிறதே. வெள்ளைத் தாளை நனைத்துக் கீழே போட்டு, அதன்மேல் பூனையைச் சீவுங்கள். விழும் கறுப்புத் துகள் தாளில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம். பூனைக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. முட்டையும் புழுவும் மெத்தையிலும் பாயிலும் இருக்கும். வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் அதற்குரிய மருந்து போட்டு, துணிகளை வெந்நீரில் அலச வேண்டும்.

சாப்பாடு ஒவ்வாமையாலும், படர்தாமரையாலும் அரிக்கலாம். அடிவயிற்றை மட்டும் விடாமல் நக்கினால் சிறுநீர்ப்பை வலியாகவும் இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. வீடு மாறியது, புதுப் பூனை வந்தது போன்ற மனக்கலக்கத்தாலும் நக்கும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து இல்லை என்றான பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

டாக்டரிடம் போகும்வரை, சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சிவந்த இடத்தில் சில நிமிடம் வையுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நக்கவிடாமல் கழுத்தில் கூம்புக் காலர் போடலாம். முத்தியால்பேட்டையிலிருந்து வரும் ஒரு பாட்டி பேத்தியின் பழைய ஜபலாவையே பூனைக்குப் போட்டுக் கூட்டிவந்தார். இறுக்காமல், நடக்க முடிகிற மாதிரி இருந்தால் அதுவும் போதும்.

டெட்டால், டீ ட்ரீ எண்ணெய், நம் வீட்டு அரிப்பு களிம்பு எதையும் தடவாதீர்கள். தோலில் போட்டது எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும், பூனையின் கல்லீரலால் இவற்றில் பலவற்றைச் சமாளிக்க முடியாது. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம். நாய்க்கான பூச்சி மருந்துச் சொட்டையும் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், பிழைக்காமலும் போகலாம். புண்ணில் நீர் வடிந்தால் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ கூட்டிப்போங்கள். இந்த நிலையில் பூனைக்குக் குளியலே வேண்டாம் என்று நானே சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் ஆறு வருடம் குளிப்பாட்டிய தம்பி சென்னைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் சில நாள் நாய் ஷாம்புவைப் பூனைகளுக்கும் போட்டிருக்கிறார். தெரிந்ததும் நிறுத்திவிட்டோம்.

குரல் பதிவைக் கேட்டதும் நேரில் வந்து ‘என்ன நடந்தது?’ என்று கேட்டவர்களுக்கும், ஒன்றும் கேட்காமல் வழக்கம்போலத் தீனி வாங்கிப்போனவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வேன். மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது தீனி மூட்டைகளை மேலே தூக்கிவைக்க ஓடிவந்தவர்கள் நீங்கள். படத்தில் உள்ள பூனையின் வீட்டாரும் நம் வாடிக்கையாளர்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெள்ளுச் சீப்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பூனை எங்காவது நக்கிக்கொண்டே இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டிவாருங்கள். சீவிப் பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை. செவ்வாய் மட்டும் விடுமுறை.

அன்புடன்,
கடை உரிமையாளர்
லாஸ்பேட்டை, புதுச்சேரி