ஆண்டறிக்கை: டியானா பரிசின் தாய்வழிப் பதிவேடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

ஜேர்மனியின் ரைன், ரூர் வட்டாரத்தில் குதிரைப் பந்தய வரலாறு படிக்கும் நமது வட்டத்தின் ஓராண்டு வேலையை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். சென்ற கூட்டத்தின் தீர்மானப்படி ஆண்டு முழுவதும் ஒரே பொருளில்தான் வேலை நடந்தது. அது பிரைஸ் டெர் டியானா எனப்படும் டியானா பரிசு. மூன்று வயதுப் பெண் குதிரைகள் மட்டும் ஓடும் இந்தப் பந்தயத்தின் வெற்றியாளர்களை ஆண்டு வரிசையில் எழுதி வைத்த பட்டியல்கள் ஏற்கெனவே உண்டு. நாம் எடுத்துக்கொண்டது வேறு வேலை. வென்ற குதிரை யாருடைய மகள், பிறகு எவற்றுக்குத் தாயானாள் என்று தாய்வழியாகத் தொடரும் பதிவேடு அது. ஓட்டம் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் பலன் தெரிய இருபது ஆண்டுகூட ஆகலாம். பெண் குதிரைப் பந்தயத்தின் வரலாற்றை வெற்றிக் கம்பத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பது பதிவேட்டுக் குழுவின் முடிவு. செயலாளரின் கருத்தும் அதுவே.

புதிய அங்கத்தவர்களுக்காகச் சில அடிப்படைச் செய்திகள். டியானா பரிசு 1857இல் பேர்லினின் டெம்பல்ஹோஃப் திடலில் தொடங்கியது. ஹம்பேர்க்கில் நடக்கும் ஜேர்மன் டெர்பி 1869இல் வந்தது. ஆக டெர்பியைவிட இது பன்னிரண்டு ஆண்டு மூத்தது. இதே வகைப் பெண் குதிரைப் பந்தயங்களான இங்கிலாந்தின் ஓக்ஸ் 1779இலும் பிரான்சின் ஷான்டிலித் திடலில் பிரி டி டியான் 1843இலும் தொடங்கியிருந்தன. பெயர் வந்த வழி பிரெஞ்சுப் பந்தயமே. 1868இல் பேர்லின் அருகே ஹோப்பகார்டன் திடல் திறக்கப்பட்ட பின் ஓட்டம் அங்கே போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹோப்பகார்டன் சோவியத் வலயத்துக்குள் அகப்பட்டுக்கொள்ள, மேற்கில் மூல்ஹைம் நகரின் ராஃபல்பேர்க் திடல் இதன் வீடானது. 2006 முதல் டுசில்டோர்ஃப், கிராஃபன்பேர்க் திடலில் நடக்கிறது. இன்றைய தூரம் 2200 மீற்றர். எல்லாக் குதிரைக்கும் ஒரே எடை, 58 கிலோ; ஜாக்கி, சேணம், குறைந்தால் சேர்க்கும் ஈயத் தகடு எல்லாம் அதற்குள் அடக்கம். தரம் குரூப் 1, அதாவது பந்தயங்களின் மிக உயர்ந்த தரம்.

திடல் மாறியது, தூரம் மாறியது, நாள் மாறியது. ஆகவே நேரங்களை ஒப்பிடும் பழக்கத்தைப் பதிவேட்டில் கைவிட்டுவிட்டோம். கிராஃபன்பேர்க் காட்டுக்குள் ஏறி இறங்கும் திடல். அங்கே மென்தரையில் எடுத்த நேரத்தையும் ஹோப்பகார்டன் சமதளத்தில் எடுத்த நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் எண்கள் அழகாக இருக்கும், பொருள் இராது. நேரத்தை எழுதும் இடத்தில் திடல், தூரம், தரையின் நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நேரத்தின் கட்டம் வெறுமையாக விடப்படும்.

இனி அட்டைகள் பற்றி. ஒவ்வொரு வெற்றியாளருக்கும் ஓர் அட்டை. முன்பக்கத்தில் ஆண்டு, திடல், தந்தை, தாய், தாயின் தாய், வளர்ப்பாளர், உரிமையாளர். பின்பக்கம் ஈன்ற குட்டிகளுக்கு. மிக அதிகமான திருத்தங்கள் வந்தது வளர்ப்பாளர், உரிமையாளர் கட்டங்களில்தான். குட்டி பிறந்த வேளையில் தாய்க்குதிரை யாருடையதோ அவரே வளர்ப்பாளர். ஓடிய நாளில் யாருடைய நிற உடையை ஜாக்கி அணிந்தாரோ அவர் உரிமையாளர். பெயரின் முன்னே கெஸ்ட்யூட் என்று இருந்தால் அது குதிரைப் பண்ணை, ஷ்டால் என்று இருந்தால் பந்தயத்துக்கான உரிமைப் பெயர். பண்ணை தன் குதிரையைத் தானே ஓட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால், எப்போதும் ஒன்றுதான் என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்த வேறுபாடு வெறும் அலுவலகக் கண்டிப்பு அல்ல என்பதற்கு நெரைடே அட்டையே சான்று. 1933இல் ஏர்லன்ஹோஃப் பண்ணையில் பிறந்த குதிரை இது. அந்தப் பண்ணையைக் கட்டியெழுப்பிய யூதத் தொழிலதிபர் மோரிட்ஸ் ஜேம்ஸ் ஒப்பன்ஹைமர், நாஜிகள் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில் அதை இழந்தார். பண்ணை ஹைன்ரிக் தைசன்-போர்னமிஸா கைக்குப் போனது. 1936இல் நெரைடே டியானா பரிசையும் டெர்பியையும் வென்றது, டெர்பியில் 2400 மீற்றருக்கு 2 நிமிடம் 28.8 விநாடி எடுத்து. அதே ஆண்டு மியூனிக்கில், 1936இலும் 1937இலும் ஐரோப்பாவின் உச்சப் பந்தயமான பாரிஸ் ஆர்க் பந்தயத்தை வென்ற பிரெஞ்சுக் குதிரை கொரிடாவையும் தோற்கடித்தது. ஓடிய பத்து ஓட்டத்திலும் தோல்வி இல்லை. பெருமை எல்லாம் புதிய உரிமையாளருக்குப் போயிற்று. ஒப்பன்ஹைமர் 1941இல் இறந்தார். பண்ணையின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனால் இந்த வரலாறு அட்டையில் இராது. அதனால்தான் 1933 முதல் 1945 வரையான அட்டைகளில் வளர்ப்பாளர் பெயரை ஆள்பெயராக எழுத வேண்டும் என்று குழு விதித்தது. நெரைடேயின் மகன் நோர்ட்லிக்ட் 1944இன் டெர்பியை வென்றது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு போனார்கள்.

ஆண்டின் பெரும் உழைப்பு போனது ஷ்வார்ட்ஸ்கோல்ட் அட்டைக்கு. கெல்ன் அருகே ஷ்லென்டர்ஹான் பண்ணையில் 1937இல் பிறந்தது. 1869இல் ஒப்பன்ஹைம் வங்கிக் குடும்பம் தொடங்கிய இந்தப் பண்ணையை (ஏர்லன்ஹோஃப் ஒப்பன்ஹைமரோடு குழப்ப வேண்டாம், அந்தத் தவறு இரண்டு அட்டைகளில் நேர்ந்து திருத்தப்பட்டது) 1942இல் நாஜிகளின் எஸ்.எஸ். படை கைப்பற்றியது, போருக்குப் பின் குடும்பத்திடம் திரும்பியது. ஷ்வார்ட்ஸ்கோல்ட் 1940இல் டியானா பரிசை வென்றது; டெர்பியைப் பத்துக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. ஓட்டப் பெருமை அங்கே முடிகிறது, அட்டையின் பின்பக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அதன் மகள் ஷ்வார்ட்ஸ்பிளவ்ரோட். அவளுடைய மகள்களில் ஒருத்தி ஷெஹரெசாடே, மற்றவள் சுலைக்கா. ஷெஹரெசாடேயின் மகள் ஷோன்புருன் 1969இல் டியானா பரிசைத் தானே வென்றாள். அவளுடைய மகள் செனெகா பிரான்சில் ஈன்ற சகாஸ் 1984இன் ஆர்க் பந்தயத்தை வென்றது. சுலைக்காவின் மகள் சயொனாராவின் மகன் ஸ்லிப் ஆங்கர் 1985இன் இங்கிலாந்து டெர்பியை வென்றது. ஒருத்தியின் ஒரே மகள் வழியாக, நாற்பத்தைந்து ஆண்டுக்குள், ஐரோப்பாவின் இரண்டு உச்சப் பரிசுகள். தாயை முதலாவதாக வைத்துத் தாய்வழியே மேல்நோக்கி எண்ணினால், சகாஸுக்கு ஷ்வார்ட்ஸ்கோல்ட் ஐந்தாம் தாய், ஸ்லிப் ஆங்கருக்கு நான்காம் தாய். கெல்னில் இன்றும் பெண் குதிரைகளுக்கான 1600 மீற்றர் ஓட்டம் ஒன்று அவள் பெயரில் நடக்கிறது.

இந்தப் பெயர்களைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். ஜேர்மனியில் குட்டிக்குப் பெயரிடும்போது தாயின் பெயரின் முதலெழுத்தையே எடுப்பது வழக்கம். மேலே சொன்ன அத்தனையும் எஸ் வரிசை. பதிவேட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் மூன்று இடத்தில் காலை வாரும்.

முதலாவது, நம் எழுத்து. தமிழில் எழுதியவுடன் எஸ் வரிசை ஷ, ச, சு, ஸ் என்று சிதறிப்போகிறது. அகர வரிசைப்படி அடுக்கிய பழைய பெட்டியில் ஒரே குடும்பம் நாலு மூலையில் கிடந்தது. இப்போது ஒவ்வோர் அட்டையின் வலது மேல் மூலையிலும் மூல முதலெழுத்தின் பெயரைத் தமிழில் எழுதி, அதன்படியே அடுக்கியிருக்கிறோம்.

இரண்டாவது, பழைய அச்சு. 1941க்கு முந்திய பந்தயத் தாள்களில் பெரும்பாலானவை ஃபிராக்டூர் என்ற கோண எழுத்தில் அச்சானவை. அதில் பெரிய 'என்' எழுத்தும் பெரிய 'ஆர்' எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தோன்றும். 'ஐ' எழுத்தும் 'ஜே' எழுத்தும் ஒரே வடிவம். சொல் நடுவில் வரும் நீள 'எஸ்', 'எஃப்' போல இருக்கும். கணினி கொண்டு படியெடுத்தால் நெரைடே ரெரைடே ஆகிவிடும். முதலெழுத்து தவறினால் குடும்பமே தவறுகிறது. ஆகவே கணினிப் படியை நேரே அட்டையில் ஏற்றக்கூடாது. ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் தாயின் பெயரோடு முதலெழுத்து பொருந்துகிறதா என்று பார்த்த பின்பே ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, எல்லை தாண்டிய குதிரைகள். பிற நாடுகளில் இந்த வழக்கம் கிடையாது. ஷ்லென்டர்ஹானின் ஏ வரிசையில் வந்த அலெக்ரெட்டா அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட பின் ஈன்ற மகளின் பெயர் அர்பன் சீ. எழுத்து அங்கே அறுந்தது, இரத்தம் அறவில்லை. 1993இன் ஆர்க் பந்தயத்தை வென்ற அர்பன் சீதான் புகழ்பெற்ற பந்தயக் குதிரைகளான கலிலியோவுக்கும் சீ தி ஸ்டார்ஸுக்கும் தாய். எனவே எழுத்து வழிகாட்டி மட்டுமே, சான்று அல்ல. பெயருக்குப் பின்னால் வரும் நாட்டுக் குறியும் அப்படித்தான். அது குட்டி பிறந்த மண்ணைச் சொல்லும், குடும்பத்தைச் சொல்லாது.

அலெக்ரெட்டா டியானா பரிசில் ஓடியவள் அல்ல. இங்கிலாந்தில் ஓடி, பெரிதாக எதுவும் சாதிக்காமல் விற்கப்பட்டவள். வெற்றியாளர் பட்டியலை மட்டும் தொடர்ந்தால் ஜேர்மனி உலகுக்குத் தந்த மிகப் பெரிய தாய் நம் பதிவேட்டிலேயே வரமாட்டாள். 2011ஐயும் பாருங்கள். அந்த ஆண்டு டியானா பரிசை வென்றது இங்கிலாந்தின் ஓக்ஸை வென்றுவிட்டு வந்த டான்சிங் ரெய்ன். ஜேர்மனியின் சிறந்த பெண் குதிரை டேன்ட்ரீம் வேறு வழியில் போய் அக்டோபரில் ஆர்க் பந்தயத்தையே வென்றது. இந்தக் குறையைப் பதிவேட்டுக் குழு ஒப்புக்கொண்டு, தோற்றவர்களுக்கும் ஓடாதவர்களுக்கும் ஓர் இணைப்புப் பெட்டி தொடங்கப் பரிந்துரைத்துள்ளது.

கூட்டங்களில் சூடாக விவாதிக்கப்பட்டது அட்டையை எப்போது மூடுவது என்பது. பத்து ஆண்டு போதும் என்றனர் சிலர். கணக்கைப் பார்ப்போம். மூன்று வயதில் வென்றவள் மறு வசந்தத்தில் பொலிகுதிரையிடம் போனால், பதினொரு மாதச் சுமைக்குப் பின் அதற்கடுத்த ஆண்டு ஈனுவாள். அந்தக் குட்டி மூன்று வயதில் பெரிய ஓட்டம் ஓட மேலும் மூன்றாண்டு. ஆக ஐந்தாண்டு. 2016இல் வென்ற செரியன்ஹோல்டே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2018இல் அவள் ஈன்ற ஷ்னெல் மைஸ்டர் 2021இல் ஜப்பானில் என்.எச்.கே. மைல் கோப்பையை வென்றது. 2012இல் வென்ற சலோமினாவும் ஜப்பானுக்குப் போனவள். மகன் சாலியோஸ் 2019இல் அங்கே இரண்டு வயதுக் குதிரைகளின் அசாஹி ஹாய் பந்தயத்தை வென்றது. ஆனால் 2005இல் வென்ற இயோட்டாவைப் பாருங்கள். மகன் இட்டோ 2015இல் பெரிய ஓட்டம் வென்றது. இன்னொரு மகன் இன் ஸ்வூப் 2020இல் ஜேர்மன் டெர்பியை வென்று, அதே ஆண்டு ஆர்க் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. பத்தாண்டில் மூடியிருந்தால் இன் ஸ்வூப்புக்கு அட்டையில் இடமே இல்லை. தாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனுவாள். சில ஆண்டுகள் வெறுமையாகவும் போகும். நிர்வாக சபையின் முன்மொழிவு இருபது ஆண்டு.

வெறுமையாகப் போகும் ஆண்டுகளின் காரணத்தைக் குதிரை மருத்துவம் பற்றிய கூட்டத்தில் பார்த்தோம். பூமியின் வட பாதியில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 என்று கணக்கிடுவதால் குட்டி ஆண்டின் தொடக்கத்தில் பிறக்க வேண்டும் என்ற அவசரம் பண்ணைகளுக்கு. இயற்கையில் தாய்க்குதிரை பகல் நீளும்போதுதான் பருவத்துக்கு வரும். அதனால் டிசம்பர் முதலே தொழுவத்தில் விளக்கெரித்து நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் காட்டுகிறார்கள். இரட்டைக் கரு தரித்தால் பெரும்பாலும் இரண்டுமே கெடும். 14 முதல் 16ஆம் நாளுக்குள் ஸ்கேன் செய்து ஒன்றை நசுக்கிவிடுவார்கள். நாள் தவறினால் கரு சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பது கடினம். ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போனது போனதுதான்.

ஜப்பானியப் பண்ணைகள் டியானா வெற்றியாளர்களை வாங்கிச் செல்வது பற்றி அங்கத்தவர் சிலருக்கு வருத்தம் உண்டு. ஜேர்மன் பரிசுத் தொகை குறைவு, பந்தயப் பணச் சுழற்சியும் குறைவு. நல்ல விலை வந்தால் பண்ணை விற்கத்தான் செய்யும். வாங்குபவர் தேடி வருவதற்கும் காரணம் உண்டு. இங்கே மருந்து கொடுத்து ஓட்ட இடமில்லை. பொலிகுதிரைகளுக்கும் உடற்பரிசோதனையும், கிலோவில் கணக்கிடும் தரமதிப்பில் குறைந்தது 95 என்ற எல்லையும் வைத்திருந்தார்கள். கால் உறுதியான, நெடுந்தூரம் தாங்கும் குடும்பங்கள் அதனால் நிலைத்தன.

நூலகத்துக்கு வந்த பழைய பந்தயத் தாள்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். அமிலமற்ற உறையில் மடிக்காமல் வையுங்கள், துருப்பிடிக்கும் ஊசிகளைக் கழற்றிவிடுங்கள். கணினியில் படியெடுக்கும்போது அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் எடுங்கள். அதற்குக் கீழே போனால் மேலே சொன்ன கோண எழுத்துக் குழப்பம் இரட்டிப்பாகும்.

நுவரெலியாவின் ஏப்ரல் பந்தயங்களைப் பார்த்துப் பழகிய மூத்தவர்கள் சிலர், பணம் கட்டாமல் என்ன பந்தயம் என்று கேட்பதுண்டு. வட்டத்தின் பெயரால் பணம் கட்டுவதில்லை என்ற பழைய தீர்மானம் அப்படியே இருக்கிறது. திடல் பார்வை நாளில் தனியே கட்டுவோர் தனியே கட்டலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனி அறிக்கையாகச் சமர்ப்பிப்பார். சபையின் அங்கீகாரத்துக்கு மூன்று முன்மொழிவுகள் உண்டு: அட்டைகளை வெற்றிக்குப் பின் இருபது ஆண்டு திறந்து வைப்பது, அலெக்ரெட்டா முதலாக ஓர் இணைப்புப் பெட்டி தொடங்குவது, வரும் ஆண்டில் பாடன்-பாடனில் இரண்டு வயதுப் பெண் குதிரைகளுக்கு நடக்கும் விண்டர்கோனிகின் பந்தயத்தை இதே முறையில் எடுப்பது. இந்த ஆண்டு ஆகஸ்ட் வெற்றியாளருக்கு அட்டை திறக்கப்பட்டுள்ளது. பின்பக்கத்தில் எதையும் பென்சிலால்கூட எழுத வேண்டாம்.

நன்றி.
செயலாளர்