வயலோரக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

1985ஆம் ஆண்டளவில் அநுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியதை அடுத்து, 1988இல் இலங்கை அதற்கெதிரான தடுப்பூசியைத் தொடங்கியது. இன்று கொழும்பில் கிளினிக்குக்கு வரும் தாயின் கையிலுள்ள குழந்தைச் சுகாதாரப் பதிவேட்டில் அது ஒரு வரி மட்டுமே. ஆசியாவின் பல கிராமங்களில் அந்த ஒரு வரியும் இன்னும் கிடைக்கவில்லை என்பது வேதனைக்குரியது.

நீர் தேங்கிய நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புகள், பன்றிகளிலிருந்தும் நீர்ப்பறவைகளிலிருந்தும் இந்த வைரஸைக் காவி வருகின்றன. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆகவே ஊரில் பெரும்பாலானோருக்கு ஊசி போட்டாலும் விடுபட்ட குழந்தைக்கு அது கவசமாகாது. மூளை பாதிக்கப்பட்டோரில் 30 சதவீதம் வரையானோர் இறக்கக்கூடும், தப்பியோரில் பலருக்கு வலிப்பும் பேச்சுக் குறைபாடும் நிலைத்துவிடுகின்றன, வைரஸை அழிக்கும் மருந்தோ இல்லை.

லாவோஸ் 2015இலும் கம்போடியா 2016இலும் 15 வயதுக்குட்பட்டோருக்குப் பெருமளவில் தடுப்பூசி வழங்கின. அத்தகைய இயக்கங்களோடு நின்றுவிடாமல், பாதை வசதியற்ற கிராமங்களிலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வழமையான அட்டவணையிலேயே இவ்வூசி கிடைக்க அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும். வீடு வீடாகச் செல்லும் நமது குடும்பநல உத்தியோகத்தர்களின் அனுபவத்தை அந்நாடுகளுடன் பகிர, சுகாதார அமைச்சு முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06