சர்க்கரை நோயாளி மறைப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

‘எச்.ஐ.வி.யும் இப்போது சர்க்கரை நோய் மாதிரிதான், மாத்திரை போட்டால் போதும்’ என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். 1993-ல் எனக்குத் தொற்று உறுதியானபோது இப்படி ஒரு வரி கிடைத்திருந்தால் அந்தப் பேப்பரைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். 1996-ல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. அது என் கைக்கு வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. அதற்குள் என்னோடு இருந்தவர்கள் பலர் போய்விட்டார்கள். ஆகவே டாக்டர் எழுதியதில் தப்பில்லை. ஆனால் சர்க்கரை நோயாளி எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் சொல்வார். நாங்கள் மறைக்கிறோம்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா, ரிட்டோனவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர். மூச்சிரைப்புக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனார். ஃபுளூடிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். ரிட்டோனவிர் இருக்கும்போது அந்த ஸ்டீராய்டைக் கல்லீரலால் சரியாகக் கழிக்க முடியாது, உடம்பிலேயே தேங்கும். சில மாதங்களில் முகம் உப்பி, ரத்த அழுத்தம் ஏறி, ஆளே மாறிப்போனார். ‘வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்கத்தான் செய்தார்களாம், பின்னால் நாலு பேர் நிற்கும்போது. ‘இல்லை’ என்றிருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முன்பெல்லாம் எங்கள் கூட்டங்களில், நமக்குப் பிறகு பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் பேச்சு. இப்போது மூட்டுவலியும் கொலஸ்ட்ராலும். (கிழவியாகிவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் மற்றவர்களுக்குப் புரியாது.) வயதானால் மாத்திரைகள் கூடும். டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துடன் கால்சியத்தை வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரில் பிடாவஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. நல்ல செய்தி. ஆனால் அதே வகையைச் சேர்ந்த சிம்வஸ்டாடினை ரிட்டோனவிருடன் கொடுக்கவே கூடாது. வாய் திறக்காத நோயாளிக்கு இதையெல்லாம் பார்த்து எழுதுவது எப்படி?

எங்கள் குழு ஒரு வழி செய்திருக்கிறது. நோயின் பெயர் இல்லாமல், மருந்துகளின் பெயர் மட்டும் எழுதிய சீட்டு. டாக்டரிடம் நீட்டினால் போதும், விஷயம் தெரிந்தவர் புரிந்துகொள்வார். படித்துவிட்டு இன்னொரு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டவரும் உண்டு. வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்று பரவாது என்று நிரூபணமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. நாடி பார்க்க எதற்கு இரண்டு கையுறை?

அந்த டாக்டர் அடுத்த முறை எங்களுக்காக எழுத வேண்டாம், சக டாக்டர்களுக்காக எழுதட்டும். ‘வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்ற கேள்வியை எல்லா நோயாளியிடமும் கேளுங்கள், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள் என்று.

என் பெயரைப் போட வேண்டாம். எனக்கொன்றும் இல்லை, மகள் வேண்டாம் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி