மறுபடி சைக்கிள் வாங்குபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, இருபது வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஏறப்போகிறவர்கள் நம் குழுவில் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஒரு வேண்டுகோள்: 10,000 ரூபாய்க்குள் பார்க்கிறீர்கள் என்றால் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி வேண்டாம், எடைதான் கூடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். சென்னை மாதிரி சமதளத்துக்குக் கியர் இல்லாத வண்டியே தாராளம்.

விலையைவிட அளவு முக்கியம். கடையிலேயே சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி அதில் குதிகாலை வையுங்கள், முழங்கால் நேராக நீள வேண்டும். எனக்குப் போன மாதம் முட்டி வலி, சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றியதும் நின்றுவிட்டது.

பழைய வண்டி என்றால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைகளுக்கு நடுவே ரிம் ஆடாமல் ஓடுகிறதா பாருங்கள், ஃபிரேமில் வெல்டிங் வைத்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள், விரிசல் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மிச்சப் பணத்தில் புது ஹெல்மெட் (பழசு கூடவே கூடாது), பின்பக்கச் சிவப்பு லைட், கைப்பம்ப். ஜெர்சி, கையுறை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் வண்டியின் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.