ஆடி முடிந்த கையோடு வந்து வாசித்தவர்களுக்கு

வணக்கம்.

ஆடி மாதத்தில் சேலத்தில் அம்மனுக்குப் பம்பை மேளம் அடிக்கும் ஒரு செட் கிடைப்பது எவ்வளவு பாடு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று எங்கு பார்த்தாலும் அம்மன் பண்டிகைதான். முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஆள் வருவார்கள். அந்த ஓட்டம் முடிந்து கை ஓய்வதற்குள், ஆவணியில் எங்கள் இரண்டு நாள் இசை விழாவுக்கு அழைத்தோம். பம்பைக்கார அண்ணன்களே, நீங்கள் மறு பேச்சு பேசாமல் வந்தீர்கள். முதல் நன்றி உங்களுக்கு.

இசை என்றால் சென்னை மார்கழிதான் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரைக் காட்ட வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினோம். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது இங்கேதான். ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவு வளைவுதான் நிற்கிறது. ஆனால் பாட்டுத் தொழில் அதோடு நின்றுவிடவில்லை. கூத்தாடும் குழுவான ஜமா, நையாண்டி மேளம், பேண்டு செட், சவுண்டு சர்வீஸ், வீட்டு அறையிலேயே அம்மன் பாட்டு பதிவு செய்யும் பிள்ளைகள் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு இதில்தான் அடுப்பு எரிகிறது. அதனால் யாரையும் இலவசமாக வாசிக்கச் சொல்லக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். நன்கொடை கொடுத்த கடைக்காரர்கள் அந்தப் பேச்சைக் காப்பாற்றித் தந்தீர்கள்.

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. நட்டு போல்ட் போட்ட தவிலை முறுக்கிச் சரிசெய்துவிடலாம். பறைக்கு அது ஆகாது. ஈரம் பட்டால் தோல் தொய்ந்து சத்தமே எழும்பாது. மைதானத்துக்குப் பின்னால் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, பறைக்காரர்கள் அத்தனை பேரையும் உள்ளே கூப்பிட்டு, காய்ந்த தென்னை ஓலையையும் பழைய அட்டைப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தீர்கள். கடை வாசலில் தீ மூட்டிப் பறை காய்ச்சினார்கள். தோல் விறைத்து முதல் அடி விழுந்தபோது, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் தானாகவே திரும்பி வந்தது. அக்கா, எனக்கு அந்த நிமிடத்தில் அழுகை வந்துவிட்டது.

தவிலுக்குத் தோல் மாட்டும் பெரியவரை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது எங்களுக்குப் பெரிய நிறைவு. பலா மரத்தைக் குடைவதில் தொடங்கி விரலுக்குக் கூடு போடுவது வரை, கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் சலிக்காமல் சொன்னீர்கள் ஐயா. கூத்துக்கு முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் வாசித்தவருக்கும் நன்றி. விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கச் சொன்னது எங்கள் தவறு. அடுத்த முறை ராத்திரி முழுக்க உங்களுக்குத்தான்.

அப்புறம், சேர்வராயன் மலையில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த மலையாளி பழங்குடி மக்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஆடுகிற ஆட்டத்தை எங்களுக்காகவும் ஆடினீர்கள். இரவில் உங்களை ஊரில் கொண்டுபோய் விட்ட வேன் அண்ணனுக்கும் சேர்த்து நன்றி சொல்கிறோம். அவசரத்தில் ஒரு ஜோடி சலங்கையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். பத்திரமாக இருக்கிறது. வரும் ஞாயிறு மேலே கொண்டு வந்து தருகிறோம்.