இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. திருக்குறள் ஒப்பித்தலிலும் கையெழுத்திலும் பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் தவறாமல் அழைத்துவந்த உங்களுக்கு நன்றி.

இனி, இந்தப் பருவம் முழுவதும் எங்களைச் சங்கடப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய விடுப்புக் கடிதங்கள் பல இங்கே வந்து சேரவில்லை. எங்கள் அறிவிப்பிலுள்ள முகவரியைச் சொடுக்கினால், நீங்கள் தினமும் பார்க்கும் ஜிமெயில் திறப்பதில்லை. விண்டோஸோடு கூடவே வந்த அஞ்சல் செயலிதான் திறக்கிறது. பழைய கணினிகளில் அது 'மெயில்'. 2024 டிசம்பர் 31-உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டது. அதில் அனுப்பவும் பெறவும் முடியாது. புதியவற்றில் 'அவுட்லுக் (நியூ)'. அது கணக்குக் கேட்கும்போது, மறந்துபோன ஏதோ ஒரு பழைய முகவரியைக் கொடுத்துவிடுகிறோம். எங்கள் பதிலும் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போகிறது.

முதலில் அந்தச் செயலியின் அவுட்பாக்ஸைப் பாருங்கள். கடிதம் கிடந்தால் நகலெடுத்து ஜிமெயிலில் மறுபடி அனுப்புங்கள். பிறகு குரோம் உலாவியில் ஜிமெயிலைத் திறந்தால், முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் இரட்டைச் சாய்சதுரம் போன்ற சிறு படம் தெரியும். அதை அழுத்தி அனுமதி கொடுங்கள். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் செய்த பிறகும் குரோம் திறக்கும், கடிதம் எழுதும் பெட்டி வராது.

அடுத்து விண்டோஸின் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ் என்று திறங்கள். கணினி பிரெஞ்சில் இருந்தால் பாராமெத்ர், அப்ளிகாசியோன், அப்ளிகாசியோன் பார் தெஃபோ. விண்டோஸ் 11-இல் மேலேயுள்ள கட்டத்தில் எம், ஏ, ஐ, எல், டி, ஓ என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, வருவதில் குரோமைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் அதே பக்கத்தில் 'ஈமெயில்' என்ற தலைப்பின் கீழ் மாற்றலாம்.

கடைசியாக, அந்த அஞ்சல் செயலியை நீக்கிவிடுங்கள்: விண்டோஸ் 11-இல் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் அதற்கு எதிரேயுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, விண்டோஸ் 10-இல் 'ஆப்ஸ் & ஃபீச்சர்ஸ்' பட்டியலில் அதன் பெயரை அழுத்தி. ஜிமெயிலில் உள்ள கடிதங்கள் அழியாது. அவை கூகுளிடமே இருக்கின்றன. ஆனால் 'அவுட்லுக் (கிளாசிக்)' என்று இருந்தால் தொடவேண்டாம். அது வேறு, வீட்டில் யாராவது அலுவலக வேலைக்கு வைத்திருக்கக்கூடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். "அனுப்பினேனே!" என்று வகுப்பு வாசலில், பிள்ளைகள் பார்க்க, ஆசிரியரிடம் குரல் உயர்த்துவதை இனி ஏற்கமாட்டோம். வராத கடிதத்தை அவர் பதிவேட்டில் எழுத முடியாது. மூன்றாம் பருவத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு நாளில் பதில் போடுவோம். பதில் வராவிட்டால் கடிதம் சேரவில்லை என்று கொண்டு, தொலைபேசியில் சொல்லுங்கள்.

உங்களில் பெரும்பாலோர் பொறுமையாகவே இருந்தீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. மூன்றாம் பருவத்தின் முதல் சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கணினி அறை திறந்திருக்கும். மடிக்கணினி, சார்ஜர், ஜிமெயில் கடவுச்சொல் மூன்றையும் கொண்டுவந்தால் கூடவே உட்கார்ந்து மாற்றித் தருவோம். வீட்டில் கிரியோல் மொழி மட்டும் பேசுபவர்களுக்கு இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளே வாசித்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, மொரிஷியஸ்