எட்டு வாரம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருவிலங்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் நாய்களைப் பற்றி நிறைய இருந்தது. பூனைக்கு ஒரே ஒரு வரி. அதனால்தான் இந்தக் கடிதம்.

சேலத்தில் வேண்டாத பூனைக்குட்டியை மீன் மார்க்கெட்டிலோ ஏற்காடு அடிவாரத்திலோ விட்டுவிட்டு, "எப்படியும் பிழைச்சுக்கும்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. கண்ணே திறக்காத குட்டி மீனை என்ன செய்யும்? பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஐந்து ரோடு சந்திப்பில் டீயும் வடையும் சாப்பிட்டாலே தீர்ந்துவிடும் காசு! சட்டத்தை நம்பிப் பயனில்லை.

"ஆயுசுக்கும் வளர்க்க முடியாதுங்க" என்று பலர் ஒதுங்குவது நியாயம்தான். ஆனால் யாரும் ஆயுசுக்கும் கேட்கவில்லை. குட்டி இன்னொரு வீட்டுக்குப் போகிற வயது வரும்வரை, அதாவது எட்டு வாரம் ஆகும்வரை, ஒரு மூலையில் இடம் கொடுத்தால் போதும். இந்த ஊரில் பற்றாக்குறை அதற்குத்தான்.

குட்டியைக் கண்டதும் தூக்கிவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கலாம், ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். தாய் வரவே இல்லையென்றால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். உடம்பு ஜில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. மார்கழியில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் மூன்று வாரம் சிறுநீர்கூடத் தானாகப் போகாது, ஈரப்பஞ்சால் துடைத்துவிட வேண்டும். ராத்திரியிலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழ வேண்டும். எங்கள் அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் யாராவது விழித்துத்தான் இருப்பார்கள். சத்தம் கேட்காத அறைதான் கிடைக்காது.

இவ்வளவும் செய்து முடித்தால், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "கடுவனா, பொட்டையா?" என்பதைத்தான். மூன்று நிறக் குட்டி அநேகமாகப் பொட்டையாகத்தான் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள், விவரம் தெரிந்ததும் இறக்கிவிடுவார்கள். கறுப்பென்றால் சகுனம் வேறு. சகுனத்துக்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் குட்டி போட்டுக்கொண்டே இருக்குமே என்ற பயத்தில் அர்த்தம் இருக்கிறது. நாலைந்து மாதத்திலேயே சினையாகும், இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். அதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. கடுவனுக்கும் செய்யத்தான் வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம், சொந்தக்காரரே ஆனாலும், குட்டியைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அரசு கால்நடை மருத்துவமனைகள் பூனைக் கருத்தடைக்கென்று வாரத்தில் ஒரு நாளை முன்கூட்டியே அறிவித்தால் உதவியாக இருக்கும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வரி விளம்பரப் பகுதியில் இந்தக் குட்டிகளுக்கு இலவசமாக ஒரு மூலை ஒதுக்குங்கள். "பொட்டை, மூன்று நிறம், முதல் தடுப்பூசி போட்டாயிற்று, கருத்தடைக்குச் சம்மதிப்பவர்கள் மட்டும் அணுகவும்" என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்